லென்ஸே மங்கும்போது

கண்புரை அறுவை முடிந்து சில ஆண்டுகளில் பார்வை மறுபடி மங்கினால், பெரும்பாலும், அப்போது பொருத்திய செயற்கை லென்ஸைத் தாங்கும் பையின் பின்சவ்வு கலங்கியிருக்கும்; சில நிமிடங்களில் யாக் லேசரால் அதில் ஒரு திறப்பை உண்டாக்கினால் சரியாகிவிடும். மலேசியாவின் பட்டர்வொர்த்திலுள்ள என் பெரியம்மாவுக்கும் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் முதலில் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் அவருடைய சவ்வு தெளிவாகவே இருந்தது, மங்கியிருந்தது லென்ஸ்.

1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகப் பொருத்திய லென்ஸ் மடிக்க இயலாத கடினப் பிளாஸ்டிக்கால் ஆனது. பின்னர் வந்த மடிக்கக்கூடிய லென்ஸ்களில் ஒரு வகையான ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் தன்னுள் நீரை வைத்துக்கொள்ளும். அரிதாக, அந்த லென்ஸில் கால்சியம் உப்பு படிகிறது. நீரிழிவு உள்ளவர்களிடமும், கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்திச் செய்யும் விழித்திரை, கருவிழி அறுவைகளுக்குப் பின்னரும் இது காணப்பட்டிருக்கிறது. பெரியம்மாவுக்கு நீண்டகால நீரிழிவு. விழித்திரை அறுவையும் நடந்திருந்தது.

மருத்துவமனையின் பார்வைச் சோதனைப் பலகையிலுள்ள எழுத்துகளை அவர் ஓரளவு படித்துவிடுவார் என்பதால் குறையின் அளவு யாருக்கும் புரியவில்லை. இரவில் பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது விளக்குகளெல்லாம் பனிமூட்டத்தில் கரைவதுபோல் சிதறுகின்றன என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். பலகையைவிட அந்தப் பேச்சில்தான் நோயின் குறிப்பு இருந்தது என்பது என் எண்ணம். கண்மணியை மருந்தால் விரித்து, ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியின் ஒளியில் மங்கல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்த இரண்டாவது மருத்துவர், படிவு லென்ஸின் முன்பரப்பில் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இந்தப் படிவை லேசர் அகற்றாது. சொட்டு மருந்தும் கரைக்காது. லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதே வழி. இங்கேதான் அவசரப்பட்டுச் செய்யும் லேசரின் கேடு விளங்குகிறது: பின்சவ்வு முழுதாக இருந்தால் அதுவே விழியின் பின்பகுதியிலுள்ள கூழ்மத்தைத் தடுத்து நிறுத்தும், அதில் ஏற்கெனவே திறப்பிட்டிருந்தால், லென்ஸை எடுக்கும்போது கூழ்மம் முன்னே வந்துவிடக்கூடும், புதிய லென்ஸைப் பழைய பைக்குள் வைப்பதும் கடினமாகி, அதைக் கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலத்திலோ வெண்படலத்திலோ பிணைக்க நேரலாம். ஆண்டுக்கணக்கில் பையோடு ஒட்டிப்போன லென்ஸை விடுவிப்பதே பொறுமையான வேலை. கொழகொழப்பான திரவத்தைச் செலுத்தி மெல்லப் பிரித்து, உள்ளேயே வெட்டித் துண்டுகளாக எடுக்கிறார்கள். லென்ஸைப் பைக்குள் பிடித்து நிறுத்தும் அதன் கால்கள் வர மறுத்தால் அவற்றை மட்டும் பைக்குள் விட்டுவிடுவதும் உண்டு.

பெரியம்மாவுக்கு லேசர் செய்யப்படாததால் புதிய லென்ஸ் பைக்குள்ளேயே அமர்ந்தது. முதல் அறுவையின்போது கொடுத்த லென்ஸ் அட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தது பெரிய உதவி. அதிலிருந்த வகையும் திறனும் புதிய அளவைத் தீர்மானிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்பட்டன. (அந்த அட்டையைத் தூக்கி எறிபவர்கள் நம்மிடையே ஏராளம்.) மற்றொரு கண்ணிலும் அதே வகை லென்ஸ்தான் இருக்கிறது. அது இப்போதைக்குத் தெளிவாக இருப்பதால், விழித்திரைப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார்.