கான்சாஸ் கோதுமையும் கலங்கலான ஒரு கிளாஸ் பீரும்

ஜூன் மாதம் கான்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் கார் ஓட்டிக்கொண்டு போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே நிறம்தான். விளைந்து காய்ந்து நிற்கும் கோதுமை. மழை வந்துவிட்டால் கதிர் கெட்டுப்போகும் என்பதால் அறுப்பு மெஷின்கள் ராத்திரியிலும் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடுகின்றன. ஊர் வருகிறது என்பதை முதலில் சொல்வது தானியம் கொட்டிவைக்கும் வெள்ளை கான்கிரீட் குதிர்கள். வீடுகளும் கடைகளும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

நான் போனது கான்சாஸ் சிட்டியில் கோதுமை பீர் குடிக்க. ஆனால் கோதுமையைப் பார்க்காமல் கோதுமை பீரிடம் போக மனம் வரவில்லை. கான்சாஸில் வேலை பார்க்கும் நண்பனிடம் சொன்னேன். "அப்போ கெசல்ல இருந்து ஆரம்பிப்போம்டா" என்றான்.

கெசல் மிகச் சின்ன ஊர். அங்கே மெனோனைட் கிறிஸ்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெர்மன் பேசும் இந்த மக்கள் ரஷ்யப் பேரரசின் தெற்கே, இன்றைய உக்ரைன் பகுதியில் விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள். ஆயுதம் எடுப்பதில்லை என்பது அவர்களுடைய மதக் கொள்கை. ராணுவ சேவையிலிருந்து அவர்களுக்கு இருந்த விலக்கை ஜார் அரசு பறிக்கத் தொடங்கியதும், 1874-இல் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி இங்கே வந்தார்கள். சான்டா ஃபே ரயில்வே அவர்களுக்கு நிலம் விற்றது. கூடவே அவர்கள் கொண்டுவந்த விதை 'டர்க்கி ரெட்' என்ற குளிர்காலக் கோதுமை. இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். முளைவிட்டு, பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, ஜூனில் அறுப்புக்கு வரும். கோடை வறட்சி தாக்குமுன் விளைந்துவிடுவதால் இந்த மண்ணுக்கு அப்படியே பொருந்திப்போனது. புறப்படுவதற்கு முன் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து நல்ல மணிகளாகப் பொறுக்கி எடுத்தார்கள் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. அருங்காட்சியகத்தில் டர்க்கி ரெட் கோதுமைத் தாளைக்கொண்டே பின்னிய ஒரு பெரிய மணி தொங்குகிறது; அமெரிக்க விடுதலையின் சின்னமான சுதந்திர மணியின் உருவம். அமெரிக்காவின் 200-ஆவது ஆண்டு விழாவுக்காக 1976-இல் செய்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒவ்வொரு தாளும் வளைந்து அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நேர்த்தியை விட்டு நகர மனமில்லை.

அங்கிருந்து கான்சாஸ் சிட்டிக்கு வடகிழக்கே மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். வழியில் ஃப்ளின்ட் ஹில்ஸ். மேல்மண்ணுக்குக் கீழே உடனே சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும் என்பதால் இந்தக் குன்றுகளில் ஏர் இறங்கவே இல்லை. கோதுமை சட்டென்று நின்று, ஆள் உயரம் வளரக்கூடிய புல் தொடங்குகிறது.

கான்சாஸ் மாநிலத்துக்கும் மதுவுக்கும் நெடுங்காலப் பகை. 1881-லேயே மதுவிலக்கு கொண்டுவந்தார்கள். 1948 வரை விடவில்லை. கையில் கோடரியோடு மதுக்கடைகளை நொறுக்கிய கேரி நேஷன் தன் போரைத் தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். எல்லை தாண்டி மிசூரிக்குள் இருக்கும் கான்சாஸ் சிட்டியின் கதை நேர் எதிர். நாடு முழுக்க மதுவிலக்கு இருந்த 1920-களில்கூட, டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல்வாதியின் பிடியில் இருந்த இந்த நகரத்தில் விடிய விடிய மது ஓடியது; கூடவே ஜாஸும் வளர்ந்தது. கான்சாஸ் கோதுமைக்கு விலை பேசியதும் இங்கேதான். அந்தத் தானியச் சந்தை 2013-இல் சிகாகோவுக்குப் போய்விட்டது.

பவுல்வர்ட் மதுவாலை சவுத்வெஸ்ட் பவுல்வர்ட் சாலையில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் தொடங்கியது. செங்கல் புகைபோக்கிதான் அடையாளம். ஜான் மெக்டொனால்ட் ஓவியம் படித்து, தச்சு வேலை செய்துகொண்டிருந்தவர். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பழைய காய்ச்சும் கலன்களை வரவழைத்துத் தொழிலை ஆரம்பித்தார். வருஷத்துக்கு 6,000 பீப்பாய் விற்றால் போதும் என்பதுதான் முதல் கணக்கு. 1989 நவம்பரில் முதல் பீப்பாயைத் தன் பிக்கப் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, சில தெரு தள்ளியிருந்த மெக்சிகன் உணவகத்தில் இறக்கினார். 2013-இல் பெல்ஜியத்தின் டூவெல் நிறுவனத்துக்கு ஆலையை விற்றார். நாங்கள் தேடிப்போனது இவர்களுடைய 'அன்ஃபில்டர்டு வீட்'. வடிகட்டாத கோதுமை பீர், ஆல்கஹால் 4.4 சதவீதம்.

அமெரிக்கக் கோதுமை பீரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹெஃபெவைசன் என்ற பவேரியக் கோதுமை பீரைக் குடித்தவர்களுக்குத் தெரியும்: கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அவற்றை யாரும் போடுவதில்லை. அந்த ஊர் ஈஸ்ட், சர்க்கரையை நொதிக்கவைக்கும்போது தானே உண்டாக்கும் மணம். 1986-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் கர்ட், ராப் விட்மர் சகோதரர்கள் கோதுமை பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட் மட்டும் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து ஆல்ட்பியர் என்ற பீருக்கானது. வாழைப்பழம், கிராம்பு எதுவும் தராத அடக்கமான ஈஸ்ட். 'டப்ளின் பப்' என்ற உள்ளூர் மதுக்கடையின் உரிமையாளர் அவர்களிடம் மூன்றாவதாக ஒரு பீர் கேட்டார். இருந்ததோ இரண்டே நொதிகலன்கள். அதனால் அதே கோதுமை பீரை வடிகட்டாமல் கலங்கலாகவே அனுப்பிவைத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்துப்போனது, மற்ற ஊர்க்காரர்களும் அந்த வழியில் இறங்கினார்கள். ஈஸ்ட் ஒதுங்கி நிற்பதால், அமெரிக்க வகையில் கோதுமை முன்னால் வருகிறது. ஜெர்மன் பீரின் மங்கிய நகல் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தானியத்தை ருசிக்க வேண்டுமானால் இந்த வகைதான் நேரான வழி.

டேஸ்டிங் ரூமில் விளிம்பில் எலுமிச்சைத் துண்டு செருகித்தான் கொடுப்பார்கள். "எனக்கு எலுமிச்சை வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எலுமிச்சைத் தோலின் எண்ணெய் பட்டால் நுரை அடங்கிவிடும். அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

வெளிர் மஞ்சள் நிறம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் நிழலாகத்தான் தெரிகிறது. கோதுமையின் புரதமும் மிதக்கும் ஈஸ்டும் சேர்ந்து செய்யும் கலங்கல். நுரைக்கும் காரணம் அதே புரதம்தான். வெள்ளையாக, நெருக்கமாக எழுந்து, குடிக்கக் குடிக்கக் கிளாஸின் உட்புறத்தில் வளையம் வளையமாகத் தங்குகிறது. கோதுமைக்கு உமி ஒட்டியிருக்காது. அதை மட்டும் வெந்நீரில் ஊறப்போட்டால் பசைபோல இறுகிச் சாறு இறங்காது. அதனால்தான் உமியோடு வரும் பார்லியையும் கலந்து காய்ச்சுகிறார்கள்.

அமெரிக்காவில் பீரை நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிரவைத்துத் தருவார்கள். அவசரப்படாமல் பத்து நிமிஷம் விட்டுவிட்டேன். குளிர் தணியத் தணிய வாசனை எழுந்தது. அல்வாவுக்காக ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பால் பிழியும்போது அடுக்களையில் வருமே, அந்தப் பச்சை மணம். அதோடு புது ரொட்டி மாவு, லேசான ஆரஞ்சுத் தோல். வாயில் வைத்தால் முதலில் மென்மை. நடு நாக்கில் மெல்லிய இனிப்பு. பிறகு ஒரு சின்னப் புளிப்பு எட்டிப்பார்க்கிறது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு தொண்டைக்குள் இறங்கும்போதுதான் தலைகாட்டி உடனே போய்விடுகிறது. எதுவும் சத்தம் போடுவதில்லை. கவனித்துக் குடிப்பவருக்குத்தான் இது தன்னைக் காட்டும். இவ்வளவு அடக்கமான ஒன்றை, ஆண்டு முழுதும் ஒரே தரத்தில் காய்ச்சுவது பெரிய வித்தை. சின்னக் குறை இருந்தாலும் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

பாட்டிலில் வாங்குபவர்களுக்கு ஒன்று: முக்கால் பாகம் ஊற்றிவிட்டு, மீதியைச் சுழற்றி, அடியில் படிந்ததையும் சேர்த்து ஊற்றுங்கள். தேதி பார்த்துப் புதியதாக வாங்குங்கள். நாளானால் இந்த மணம் நிற்காது.

காரை அங்கேயே விட்டுவிட்டு, ராத்திரி டாக்ஸி பிடித்து ஜாஸ் வளர்ந்த 18-ஆவது தெரு வட்டாரத்துக்கு அருகே ஒரு பார்பிக்யூ கடைக்குப் போனோம். பர்ன்ட் எண்ட்ஸ் வந்தது. மாட்டின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகுந்த முனையை மணிக்கணக்கில் புகையில் வேகவைத்து, துண்டுபோட்டு, ஓரம் கருக மறுபடி புகைபோட்டது. மேலே வெல்லப்பாகின் இனிப்பும் தக்காளிப் புளிப்பும் சேர்ந்த சாஸ். அதே பீர்தான் இங்கேயும். நண்பன் தன் கிளாஸில் எலுமிச்சையைப் பிழிந்து என் பக்கம் தள்ளினான். "இவ்வளவு கொழுப்புக்குப் புளிப்பு வேணும்டா, குடிச்சுப் பாரு." குடித்தேன். புகையும் கொழுப்பும் நாக்கிலிருந்து கழுவிக்கொண்டு போயின. கோதுமை பின்னால் போய்விட்டது, ஆனால் அடுத்த துண்டுக்குக் கை தானாகப் போனது. கறியோடு குடிப்பதாக இருந்தால் எலுமிச்சை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகக் குடிக்கும் முதல் கிளாஸில் மட்டும் வேண்டாம்.