நாற்சார் வீட்டில் வைஃபை வலையமைப்பு அமைத்த அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் நாங்கள் குடியிருப்பது பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு, நடுவே திறந்த முற்றமும் நான்கு பக்கமும் அறைகளும் கொண்டது. சுண்ணக்கல்லால் எழுந்த அதன் சுவர்கள் ஒன்றரை அடி தடிப்பானவை. கோயில் சிறப்பு மலர்களையும், இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் வெளியிடும் அந்தியேட்டிக் கல்வெட்டு எனும் சிறு நூல்களையும் பக்கம் வடிவமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பது என் தொழில். முன்னறையில் எனது கணினி, பக்கத்து அறையில் உயர்தரம் படிக்கும் மகளின் மடிக்கணினி, பின்னறையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியும் அதனோடு பொருத்திய அச்சுப்பொறியும். இந்த மூன்றுக்கும் இடையே கோப்புகளைச் சுமந்தது ஒரு பென்டிரைவ்தான்.

இதை மாற்ற வேண்டும் என்று பல காலம் நினைத்திருந்தேன். செய்ய வைத்தது டேட்டா. ஒரு மாதம் 18ஆம் திகதியே முழு டேட்டாவும் தீர்ந்துபோய், முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்க வேண்டிய கல்வெட்டு ஒன்றை அச்சகத்துக்கு அனுப்ப முடியாமல் தவித்தேன். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து இணைந்திருந்த கருவிகளை எண்ணியபோது 14 இருந்தன. எங்கள் வீட்டில் உள்ளவை 7. மகனைக் கேட்டேன். "எங்கட ரெலிபோன் நம்பர்தானே அப்பா பாஸ்வேட், அது ஒழுங்கையில எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

தொலைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தவன் நானே. ஒழுங்கைக்குத் தெரியாத எண்ணாக இருந்தாலும் அது உதவியிருக்காது என்பது பிறகுதான் விளங்கியது. ஒரு கருவி ரவுட்டருடன் இணையும் வேளையில் இரண்டுக்கும் இடையே போய்வரும் சில செய்திகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதன்பின் எங்கள் மதிலோரம் வரவேண்டிய தேவையே இல்லாமல், தன் வீட்டில் இருந்தபடி ஒருவர் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். 021 யாழ்ப்பாணத்தின் குறியீடு என்பது எவருக்கும் தெரியும். எஞ்சுவது 7 இலக்கங்கள், அதாவது 1 கோடி சேர்க்கைகள். நல்ல வரைகலை அட்டை பூட்டிய கணினிக்கு அது சில நிமிட வேலை.

முதல் நாள் நான் செய்தது மடைத்தனம். மடிக்கணினியை வைஃபையில் வைத்துக்கொண்டே வைஃபையின் அமைப்புகளை மாற்றினேன். நுனிக்கொப்பில் இருந்துகொண்டு அடிக்கொப்பை வெட்டிய கதையாக, பாதியில் இணைப்பு அறுந்து, எது சேமிக்கப்பட்டது எது சேமிக்கப்படவில்லை என்று தெரியாமல் போய்விட்டது. ரவுட்டரின் பின்புறத் துளையில் ஊசியைக் குத்தித் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பின், லான் கேபிள் ஒன்றைச் செருகி, 192.168.1.1 என்ற முகவரியில் மறுபடி நுழைந்தேன். கேபிள் வழியாக வேலை செய்பவருக்கு இந்தத் துன்பம் இல்லை. உள்ளே போனதும் ரவுட்டருக்குள் நுழைவதற்கான கடவுச்சொல்லை முதலில் மாற்றினேன். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. இது இணைப்பைப் பூட்டிச் சென்ற நாளிலிருந்து அடியில் ஒட்டிய தாளில் இருந்தபடியே இருந்தது.

அடுத்தது குறியாக்க முறை, அதாவது காற்றில் போகும் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை. 1997இல் வந்த டபிள்யூஈபி 2001லேயே உடைக்கப்பட்டது. அதை ஒட்டுப்போட 2003இல் டபிள்யூபிஏ வந்தது. 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3. எங்கள் ரவுட்டர் பழையதையும் புதியதையும் கலந்து, டிகேஐபி என்ற பழைய குறியாக்கம், ஏஈஎஸ் என்ற வலுவான குறியாக்கம் இரண்டையும் ஏற்கும் நிலையில் இருந்தது. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்துப் பார்த்தேன். மனைவியின் பழைய கைத்தொலைபேசி வலையமைப்பைக் கண்டும் இணைய மறுத்தது. ஆகவே டபிள்யூபிஏ2, ஏஈஎஸ் மட்டும் என்று நிறுத்தினேன். வீட்டுக்கு அது போதும்.

நீண்ட கடவுச்சொல்லைத் தட்டாமல் கருவியை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உதவி போலத் தோற்றமளிக்கும் ஓட்டை. அதற்கான இரகசிய எண்ணில் (PIN) 8 இலக்கங்கள் உண்டு என்பதால் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணித்துப் பெறப்படுவது; அதோடு முதல் 4 இலக்கங்கள் சரியா பிழையா என்பதை ரவுட்டர் தனியாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே 10,000உம் 1,000உம் சேர்ந்து 11,000 முயற்சிகளுக்கு மேல் தேவைப்படாது. இது 2011 டிசெம்பரில் வெளியானது. கடவுச்சொல்லை எவ்வளவு நீளமாக வைத்தாலும் இந்தக் கதவு திறந்திருந்தால் பயனில்லை என்பதால் அதை அணைத்துவிட்டேன்.

நண்பர்கள் சொன்ன இரண்டு பூட்டுகளில் ஒரு முழு மாலையை வீணாக்கினேன். ஒன்று, வலையமைப்பின் பெயரை மறைப்பது. மறைத்தால் நம் கைத்தொலைபேசி அந்தப் பெயரைத் தானே கூவித் தேடும். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும்போதும் கூவும். மற்றையது, அனுமதித்த கருவிகளின் மாக் முகவரிகளை, அதாவது ஒவ்வொரு கருவியின் வலையமைப்பு அடையாள எண்ணை மட்டும் பட்டியலிடுவது. மகளின் கைத்தொலைபேசியில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்துப் பதிந்தேன்; அவளுக்கே இணைப்புக் கிடைக்கவில்லை. அண்ட்ரொய்ட் 10 வந்த 2019இலிருந்து கைத்தொலைபேசிகள் உண்மை முகவரியை விட்டுப் புனைந்த ஒன்றையே வைஃபைக்குக் காட்டுகின்றன என்பதை அப்போதுதான் அறிந்தேன். முகவரிகள் குறியாக்கம் இல்லாமல் காற்றில் போவதால், விரும்பியவர் அவற்றைப் பார்த்துத் தன் கருவிக்கு இட்டுக்கொள்ளவும் முடியும். இரண்டையும் கைவிட்டேன்.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிச் சேர்த்தேன். வருவோர் போவோருக்கு விருந்தினர் வலையமைப்பு ஒன்றை வேறு கடவுச்சொல்லோடு திறந்தேன். அதில் இணைபவர் இணையத்துக்குப் போகலாம்; எங்கள் கணினிகளைக் காண முடியாது. மகனின் கூட்டாளிகளுக்கு இப்போது அதுதான்.

விறாந்தை மூலையில் இருந்த ரவுட்டரால் பின்னறைக்கு அலை போகவில்லை. ரவுட்டர் விடும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹேட்ஸ் வேகமானது, ஆனால் எங்கள் சுவரைத் தாண்டாது, 2.4 தாண்டும், மெதுவானது. கம்பியை நீட்டுவித்து, முற்றத்தைப் பார்த்த கதவு நிலைக்கு மேல் ரவுட்டரை வைத்ததும், திறந்த முற்றத்தின் வழியே நான்கு பக்கமும் ஓரளவு எட்டியது. அயலவர் பெரும்பாலும் 6ஆம் சானலில் இருந்தமையால் 2.4ஐ 11க்கு மாற்றினேன்.

கணினிகளை ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் மிகவும் நேரமெடுத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் ரவுட்டரில் கண்ட "ஏபி ஐசொலேஷன்" என்பதையும் நான் போட்டிருந்தேன். அதன் வேலையே வைஃபையில் உள்ள கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடாமல் தடுப்பதாகும். இரண்டு நாள் விண்டோஸின் தீச்சுவரைக் குறைசொல்லிய பின்னரே அதைக் கண்டேன். அதன்பின் இரு கணினிகளிலும் வலையமைப்பைப் பொது என்பதிலிருந்து தனிப்பட்டது என்று மாற்றி, கோப்புப் பகிர்வைத் திறந்து, ஒரேயொரு கோப்புறையை மட்டும், கடவுச்சொல்லுடைய பயனர் கணக்கின் பேரில் பகிர்ந்தேன். முழு டிரைவையும் எல்லோருக்கும் பகிர்வது இலகு, செய்யாதீர்கள். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் போய்வரும்போதெல்லாம் கருவிகளின் முகவரிகள் மாறியதைக் கண்டிருந்தபடியால், என் கணினிக்கு 192.168.1.20 என்ற முகவரியை ரவுட்டரிலேயே நிரந்தரமாக ஒதுக்கினேன்.

எஞ்சியது எக்ஸ்பி கணினி. இருபது வருடத்து மலர்கள் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக அதற்குள்தான் உள்ளன. எக்ஸ்பி அறிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி1 மட்டுமே; 2017 ஒக்டோபரின் பின்வந்த விண்டோஸ் 10 பதிப்புகளைப் புதிதாக நிறுவும்போது அது இயல்பாகச் சேர்வதில்லை. அதை மீண்டும் திறந்தால் மூன்றும் இணைந்துவிடும் என்று என் மருமகன் வழி காட்டினான். ஆனால் 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை பரவியது அந்த எஸ்எம்பி1இன் ஓட்டை வழியாகத்தான். எக்ஸ்பிக்கான ஆதரவோ 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஒரு பழைய கணினிக்காக மற்ற இரண்டின் கதவையும் திறந்துவைக்க மனம் ஒப்பவில்லை. "வேண்டாம் தம்பி, அது தனியவே இருக்கட்டும்" என்றேன்.

அச்சுப்பொறியை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பழைய மலர் ஒன்று தேவைப்படும்போது மட்டும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போகிறேன். திரும்பி வந்து, வைரஸ் சோதனை முடிந்த பிறகே கோப்பைத் திறக்கிறேன்.