தலைப்பில் இருந்து எடுத்த கேம்

அந்த மாணவரின் தற்கொலைச் செய்தியில், பேப்பர் டெஸ்க்கில் இருந்த நான் மாற்றியது தலைப்பும் முதல் பத்தியும்தான். மற்றதெல்லாம் நிருபர் அனுப்பியபடியே போனது. பையனின் அப்பா சொன்னதும் இருந்தது, ஐந்தாவது பத்தியில். ஆனாலும் அதற்குப் பிறகு எந்தத் தற்கொலைச் செய்திக்குத் தலைப்பு வைக்க உட்கார்ந்தாலும் அந்த இரவுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

நிருபர் அனுப்பிய தலைப்பு: ‘ஆன்லைன் கேமுக்கு அடிமையான பிளஸ் 1 மாணவர் தற்கொலை’. எந்த கேம் என்பதும் உள்ளே இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த போனைப் பற்றிப் புகார் சொல்லாத வீடு இல்லை. எஃப்.ஐ.ஆரில் கேம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போலீஸ் ‘விசாரிக்கிறோம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. கேம் என்று சொன்னவர் பையனின் அப்பா மட்டும்தான். முந்தைய இரவு போனைப் பிடுங்கி வைத்ததாகவும் அவரே சொல்லியிருந்தார்.

‘பிளஸ் 1 மாணவர் உயிரிழப்பு: போலீசார் விசாரணை’ என்று மாற்றினேன். மாற்றிவிட்டு, சொல்லாமல் விடக்கூடாது என்று நிருபருக்குப் போன் போட்டேன். நான் பள்ளியில் படித்த காலத்திலேயே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். தலைப்பை மாற்றினால் கோபப்படுகிற ஆளும் இல்லை.

“கேம்தான் காரணம்னு நாம எப்படிண்ணே சொல்றது? அப்பா சொல்றார், அவ்வளவுதானே.”

“பெத்தவனை விட யாரு தம்பி சொல்லணும்?”

“ஒரே காரணத்தை வெச்சுப் போடக்கூடாதுண்ணே. பிரஸ் கவுன்சிலே சொல்லியிருக்கு.”

“முந்தாநாள் நீட் பயம்னு அனுப்பினேன், அப்படியே போட்டீங்க. போன வாரம் கடன் தொல்லைன்னு அனுப்பினேன், அதையும் அப்படியே போட்டீங்க. அப்ப எங்க போச்சு பிரஸ் கவுன்சில்?”

“அது வேறண்ணே.”

“எப்படி வேற?”

பக்கம் அச்சுக்குப் போகிற நேரம். லே-அவுட்டில் இருந்து என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேசறேண்ணே என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை.

என் பக்கத்தில் நியாயம் இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2019 செப்டம்பரில் பிரஸ் கவுன்சில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல்கள், உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்ததை ஒட்டியவை: தற்கொலையைப் பரபரப்பாக்காதே, அதற்கு எளிமையான ஒரு விளக்கம் கொடுக்காதே, முறையை விவரிக்காதே. டெஸ்க்கில் ஒரு பிரிண்ட் அவுட் கிடந்தது. படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

ஆனால் அந்த இரவு என் கையைப் பிடித்து நிறுத்தியது அந்தக் காகிதம் இல்லை. 2017தான். பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிற ஆன்லைன் விளையாட்டு என்று சொல்லப்பட்டது ‘நீலத் திமிங்கலம்’. அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் அதைத் தலைப்பில் வைக்காத பேப்பர் இருந்ததா? எங்கே ஒரு பிள்ளை இறந்தாலும் கையில் கீறல் இருந்ததா, போனில் திமிங்கலப் படம் இருந்ததா என்று நிருபர்களிடம் கேட்கச் சொன்னார்கள். நானும் கேட்டேன். மத்திய அரசு கூகுள், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்ற நிறுவனங்களுக்கு லிங்க்குகளை எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. பிறகு மத்திய அரசு ஒரு குழு அமைத்து, இறந்தவர்களின் இணையப் பயன்பாடு, கால் ரெக்கார்டு, தடயவியல் அறிக்கை எல்லாவற்றையும் அலசினார்கள். ஒரு சம்பவத்தில்கூட அந்த விளையாட்டுக்குத் தொடர்பு இருந்ததாக நிறுவ முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. எங்கள் பேப்பரில் அந்தப் பதில் உள்பக்கத்தில் ஒரே ஒரு காலம் (column) அகலத்தில் வந்தது. முதல் பக்கத்தில் பயமுறுத்தியவர்கள் நாங்கள்தான்.

அதற்குப் பிறகு எனக்கு கேம் என்ற வார்த்தை தலைப்பில் வந்தாலே சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடச் சம்பவங்கள் வந்துகொண்டே இருந்தன. 2019 ஜனவரியில் மாணவர்களோடும் பெற்றோரோடும் நடந்த நிகழ்ச்சியில், மகன் எப்போதும் ஆன்லைன் கேம் ஆடுகிறான் என்று ஒரு அம்மா புகார் சொல்ல, இவர் பப்ஜி ஆளா என்று பிரதமர் சிரித்துக்கொண்டே கேட்டார். அரங்கமே சிரித்தது. மார்ச்சில் ராஜ்கோட்டில் போலீஸ் அதே பப்ஜிக்குத் தடை போட்டு, விளையாடிய இளைஞர்களைக் கைது செய்தது. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி நாடு முழுவதும் தடை வந்தது, மொத்தம் 118 ஆப்களில் ஒன்றாக. காரணம்? நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனர்களின் தகவல். எல்லையில் சீனாவோடு நடந்த மோதலின் தொடர்ச்சி அது. பிள்ளைகள் கெட்டுப்போவது பற்றி அந்த உத்தரவில் எதுவும் இல்லை. மறுநாள் நாங்கள் போட்ட பாக்ஸ் செய்தி: ‘பெற்றோர் நிம்மதி’.

இது இங்கே மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்க செனட் 1993இலேயே கேம் நிறுவனங்களைக் கூப்பிட்டு விசாரித்தது. மறு வருடம் வயது வாரியாகத் தரம் பிரிக்கும் முறை வந்தது. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்ற கலிஃபோர்னியாவின் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2011இல் ஏழுக்கு இரண்டு என்று ரத்து செய்தது. அப்படியும் 2019 ஆகஸ்டில் இரண்டு ஊர்களில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, அந்நாட்டு அதிபர் கொடூரமான வீடியோ கேம்களைத் தன் பேச்சில் இழுத்தார். துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதைவிட அது சுலபம்.

இவ்வளவும் அன்றைக்கே எனக்குத் தெரியும். நிருபர் வாதத்துக்கு வந்திருந்தால் வரிசையாக எடுத்துப் போட்டிருப்பேன். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. கேம் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. மற்ற காரணங்களை எல்லாம் ஆராயாமல் விட்ட நீ இதை மட்டும் ஏன் ஆராய்கிறாய் என்று கேட்டார்.

ஒரு பதில் உண்டு, சொல்லத்தான் தயக்கம். நான் கேம் ஆடுகிறவன். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் தூக்கம் வரும் வரை அதுதான். என்னோடு ஆடுகிறவர்களை எனக்குத் தெரியும். தோற்றால் கெட்ட வார்த்தை பேசுவார்கள், ஜெயித்தால் அதைவிட அதிகம் பேசுவார்கள், காலையில் எழுந்து வேலைக்குப் போவார்கள். கேம் உயிரை எடுத்தது என்று யாராவது சொன்னால், ‘அவ்வளவுதானா? வேறென்ன?’ என்று மனசு உடனே கேட்கிறது. நீட் நான் எழுதியதில்லை. கடன்காரன் என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. அதனால் அந்தக் காரணங்கள் வரும்போது எனக்குக் கேள்வியே எழவில்லையோ?

சரி, அப்படியே இருக்கட்டும். தெரிந்த விஷயத்தில் கவனமாக இருப்பது ஒரு குற்றமா? இதை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதி தூரம் நன்றாகத்தான் போகிறது.

அந்த ஐந்தாவது பத்தி வந்ததும் நின்றுவிடுகிறது. அதில் அப்பா சொன்னதாக இருந்தது இது: ஒரு வருடத்துக்கும் மேலாகப் பையன் வெளியே ஆடப் போகவில்லை, சாப்பாடு அறைக்கே போனது, அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் தோல்வி, கேட்டால் சண்டை. கேமிங் டிஸ்ஆர்டர் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியமாகிவிடுதல், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல், பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாவது இப்படி இருத்தல் என்று அதில் இருக்கிறது. அதைப் படிக்காத அந்த அப்பா கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். மனச்சோர்வு இருந்த பையன் கேமுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம், அப்படியும் நடக்கும். எது முதலில் வந்தது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் அந்த வீட்டில் இருந்தவர்.

மறுநாள் காலை மற்ற எல்லாப் பேப்பரிலும் கேம் தலைப்பில் இருந்தது. செய்தி ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. “நம்ம செய்தி செய்தி மாதிரியே இல்லையே” என்றார். அது எனக்கு உறைக்கவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்து நடந்ததுதான் இன்னும் குடைகிறது. இரண்டு நாள் கழித்து அந்தப் பகுதி எம்.எல்.ஏ. அந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போய், வெளியே வந்து பேட்டி கொடுத்தார். ஆன்லைன் கேம்களைத் தடை செய்யாவிட்டால் மக்களைத் திரட்டிப் போராட்டம் என்றார். கூடவே வந்த அறிக்கையில் ரம்மியையும் சேர்த்திருந்தார். தமிழ்நாட்டின் முதல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, அந்தச் சூடு அப்போதும் இருந்தது. பிளஸ் 1 பையன் ரம்மி ஆடினானா என்று யாரும் கேட்கவில்லை. பணம் வைத்து ஆடுவதும் துப்பாக்கியால் சுட்டு ஆடுவதும் ஒன்றா என்றும் கேட்கவில்லை. நானும்தான்.

அந்தச் செய்திக்கு நான் வைத்த தலைப்பு: ‘மாணவர் உயிரைப் பறித்த ஆன்லைன் கேம்’: எம்.எல்.ஏ. ஆவேசம்.

கை தயங்கவே இல்லை. மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அது எங்கள் கருத்து ஆகாது, அவர் சொன்னது. டெஸ்க்கில் எல்லோருக்கும் தெரிந்த பாதுகாப்பு இது. பதவியில் இருப்பவர் சொன்னால் சொன்னதே செய்தி, உண்மையா என்று பார்ப்பது அடுத்த வேலை. பெரும்பாலும் அந்த அடுத்த வேலை வருவதே இல்லை. அப்பா சொன்னபோது ஆதாரம் கேட்டவன், அதையே அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்து எம்.எல்.ஏ. சொன்னபோது நான்கு காலம் அகலத்துக்கு இடம் கொடுத்தேன். இதைச் சுட்டிக்காட்ட நிருபர் போன் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அந்தப் பேட்டியை அனுப்பியவரும் அவர்தான். இந்த முறை தலைப்புக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

‘எப்படி வேற?’ என்பதற்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நீட் என்று போட்டால் கேள்வி அரசைப் பார்த்துப் போகிறது. கடன் என்று போட்டால் கடன் கொடுத்தவனைப் பார்த்துப் போகிறது. ‘கேமுக்கு அடிமை’ என்று போட்டால் அது இறந்த பையன் மீதும், போன் வாங்கிக் கொடுத்த வீட்டின் மீதும்தான் விழுகிறது. அதனால்தான் எடுத்தேன் அண்ணே என்று சொல்லலாம். அந்த இரவு நான் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை என்பது ஒரு பக்கம். சொன்னால் அவர் என்ன திருப்பிக் கேட்பார் என்பதும் தெரியும்: “கேம் கம்பெனி மேல ஏன் தம்பி விழல?”

விழ வேண்டியதுதான். விளையாடுகிறவனுக்குத் தெரியாததா? தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துவிடும். சீசன் முடிய மூன்று நாள்தான் என்று ஒரு கடிகாரம். லக்கி ஸ்பின். நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு நோட்டிஃபிகேஷன். காசு போட்டுத் திறக்கிற சில அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018இல் சொல்லிவிட்டது. சீனா 2021இல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டும்தான் ஆன்லைன் கேம் என்று விதித்தது. அது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அங்கே கேள்வி கம்பெனியிடம் போகிறது. இங்கே திட்டுகிறவர்கள் ரத்தத்தையும் துப்பாக்கியையும் காட்டித் திட்டுகிறார்கள். தடை வருகிறது, கொஞ்ச நாளில் அதே கேம் வேறு பெயரில் திரும்பி வருகிறது. அந்தக் கடிகாரத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இதை வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை எழுதிக் கொண்டுபோய்ச் செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தார். நல்லா இருக்கு என்றார்.

“ஆனா இப்ப சம்பவம் எதுவும் இல்லையே. எதை வெச்சுப் போடறது? அடுத்து ஏதாவது நடக்கும்போது கூடச் சேர்த்துப் போட்டுக்கலாம்.”

சரி சார் என்றேன்.