பச்சைத் துணி

அக்டோபர் 16
மழை. அக்காவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை.

அக்டோபர் 17
வீடியோவில் எனக்குப் பின்னால் வேறு படம் வைக்கப் பச்சைத் திரை வேண்டும். கும்பகோணம் போய் ஆறு மீட்டர் பாப்ளின் எடுத்தேன், கிளிப்பச்சை. கடைக்காரர் சாட்டினைத்தான் முதலில் விரித்தார். அந்தப் பளபளப்பு பல்ப் வெளிச்சத்தில் அங்கங்கே வெளுத்துக் காட்டும், வேண்டாம். அகலம் 36 அங்குலம்தான். இரண்டு பட்டையை இணைத்து, மேலே பைப் நுழைகிற மாதிரி மடித்துத் தைக்கக் கொடுத்தேன். எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் அடங்கியது.

அக்டோபர் 18
தஞ்சாவூரில் அக்காவிடமிருந்து போன் வரவில்லை. கூட இருக்கும் அம்மா சார்ஜ் போட்டிருக்க மாட்டாள்.

அக்டோபர் 19
கூடத்து ஊஞ்சல் கொக்கிகளில் கயிறு கட்டிப் பைப்பை ஏற்றியாயிற்று. அடியில் கனத்துக்குத் தண்ணீர் பாட்டில்கள்.

இந்தத் தையல்தான் உயிரை எடுக்கிறது. அயர்ன் செய்து, மடிக்காமல் சுருட்டித்தான் கொண்டுவந்தேன். ஆனாலும் நட்டநடுவில் ஒரு நிழல் கோடு. ஓபிஎஸ் என்கிற வீடியோ மென்பொருளில் குரோமா கீ (பச்சையை நீக்கிப் பின்னால் வேறு படம் காட்டுவது) போட்டால் பின்னால் வைத்த கல்லணை படம் விரிசல் விட்டுத் தெரிகிறது. எவ்வளவு பச்சையை நீக்குவது என்கிற சிமிலாரிட்டி ஸ்லைடரைக் கூட்டினால் கோடு மறைகிறது, கூடவே என் காதோரமும். சரி, ஸ்லைடரை நோண்டிப் பயனில்லை. துணிக்கென்று இரு பக்கமும் ஒரே மாதிரி எல்இடி பல்ப், முகத்துக்குத் தனி. துணியை ஒட்டி உட்கார்ந்தால் கன்னத்தில் பச்சை அடிக்கிறது. ஆறடி தள்ளி உட்கார்ந்தால் நாற்காலி ரேழி வாசலை அடைக்கிறது.

"பிள்ளைத்தாச்சி வர்ற வீட்டுல என்னடா தட்டி கட்டி வெச்சிருக்கே?" பாட்டி.

அக்டோபர் 20
கரண்ட் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். அத்தான் குரலே சரியில்லை.

அக்டோபர் 21
கோடு போயே போய்விட்டது! எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் லாக் செய்தேன். பாட்டி வெற்றிலையைத் தடவிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். திரையில் வெற்றிலையைக் காணோம். அந்த இடத்தில் கல்லணை மதகு, அதன் மேல் சுண்ணாம்பு மட்டும் அந்தரத்தில். பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவ்வளவு பச்சை வயல் கிடக்கே, அங்க போய் உட்காரேன்" என்றாள். நாற்று காற்றில் அசையும், மேகம் போனால் நிறம் மாறும் என்றேன். கேமரா சென்சாரில் பச்சைக்கு மட்டும் சிவப்பு, நீலத்தைவிட இரண்டு பங்கு புள்ளிகள், அதனால்தான் பச்சை என்றும் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

நாளை என்றாரே, எப்போது?

அக்டோபர் 22, விடிகாலை
ஆபரேஷன்தானாம். முதல் பஸ்ஸில் தஞ்சாவூர். பாட்டிக்குத் துணையாகச் சித்தி வருகிறாள், துணியை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ரத்தம் தேவைப்படலாம் என்கிறார்கள். அக்கா பி பாசிட்டிவ், நானும் அதேதான்.