எண்களின் வழியே நூல் தேர்வு

பல ஆண்டுகளாக நாவல்களை மட்டுமே வாசித்துவந்த நான், நூலகத்தில் என் கால்கள் எப்போதும் ஒரே அடுக்கின் முன்தான் நிற்கின்றன என்பதை உணர்ந்த பின், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவதற்கென 1876-இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையையே வழிகாட்டியாகக் கொண்டேன். அறிவுத்துறைகளைப் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரிக்கும் அம்முறையில் மெய்யியல் 100-இலும், அறிவியல் 500-இலும், வரலாறும் புவியியலும் 900-இலும் அமைகின்றன. மாதம் ஒரு வகுப்பு என வைத்துக்கொண்டேன்.

598 என்ற எண்ணின்கீழ்ப் பறவைகளைப் பற்றிய நூல் ஒன்றை எடுத்த மாதத்தில், அதுவரை வெறும் ஒலியாக இருந்த செம்போத்தின் அழைப்பு எனக்குப் பெயருள்ள குரலாயிற்று. சமயத்துக்குரிய 200-ஆம் வகுப்பில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே ஒதுக்கப்பட்டிருப்பது குறை என்றே கருதுகிறேன். ஆகவே அங்கு எண்ணைப் பின்பற்றாமல், சமண, பௌத்த நூல்களை நானே தேடிச் சேர்த்தேன். கவிதையை மட்டும் எந்த மாதத்துக்கும் ஒதுக்கவில்லை. அது எப்போதும் என் கைப்பையில் இருக்கிறது.