கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிய ஆண்டு

இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணி எப்போது பிறந்தது என்று கேட்டால் பாடப்புத்தகங்கள் 1874 ஏப்ரல் 15 என்று சட்டென்று சொல்லிவிடும். அன்றுதான் பாரிஸில், புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் அந்தப் பாணி ஓவியர்களின் முதல் கண்காட்சி திறந்தது. பத்து நாள் கழித்து விமர்சகர் லூயி லெருவா, ஓவியர் க்ளோத் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு பத்திரிகையில் கேலி செய்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் பெயர் வருவதற்கு முன்பே படங்கள் வந்துவிட்டன. எந்தப் படம், எந்த ஆண்டு, எங்கே நின்று வரைந்தது என்று தேடும்போதுதான் கலை வரலாற்றாளரின் வேலை தொடங்குகிறது.

அந்தச் சூரியோதயப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 48க்கு 63 சென்டிமீட்டர் கேன்வாஸ். இடது கீழ் மூலையில் மோனேயின் கையெழுத்து, பக்கத்தில் ‘72’, அதாவது 1872. அதை அப்படியே நம்பிவிட முடியாது. விற்கும்போதோ காட்சிக்கு அனுப்பும்போதோ கையெழுத்திட்டு, நினைவிலிருந்து ஆண்டு போடுவது ஓவியர்களிடம் சகஜம். மோனேயின் படைப்புகளைத் தொகுத்த பட்டியலே இதை 1873 என்றது. போதாக்குறைக்கு, 1878 ஏலத்தில் இதே படம் ‘சூரிய அஸ்தமனம்’ என்ற பெயரில் 210 பிராங்குக்குப் போனது. நாலு வருடத்துக்கு முன் 800 கொடுத்து வாங்கிய படம் அது.

உதயமா அஸ்தமனமா என்பதைத் திசை சொல்லிவிடும். ஆனால் காட்சி பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகம். 1944 குண்டுவீச்சில் அந்தப் பழைய கரை அழிந்துபோனது. இன்று போய் நின்றால் எதுவும் பிடிபடாது. பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துத்தான் மோனே தங்கிய ஹோட்டலின் ஜன்னலை அடையாளம் கண்டார்கள். ஜன்னல் தென்கிழக்கே பார்க்கிறது. ஆகவே உதயம்தான்.

அடுத்தது நாள். அந்தக் கோணத்தில் சூரியன் அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்பது ஆண்டுக்கு இரண்டு முறை: நவம்பர் நடுவில், ஜனவரிக் கடைசியில். படத்தில் பெரிய கப்பல்கள் நீரடைப்பு மதகுப் பக்கம் நிற்கின்றன. கடல் ஏற்றத்தை, அதாவது கடல் மட்டம் உயர்ந்து நிற்கும் வேளையை, ஒட்டிய சில மணி நேரம்தான் அந்த மதகு திறந்திருக்கும். புகை இடமிருந்து வலமாகச் சாய்வதால் காற்று கிழக்கே இருந்து வருகிறது. வானியலாளர் டொனால்ட் ஓல்சன் ஏற்றக் கணக்கையும் அக்கால வானிலைக் குறிப்புகளையும் வைத்துச் சலித்தபோது 1872 நவம்பர் 13, 1873 ஜனவரி 25 என்று இரண்டு நாள் மிஞ்சின. அந்த ‘72’ இருப்பதால் முதலாவது. சந்தேகப்பட்ட கையெழுத்தே கடைசியில் சாட்சிக்கு வந்தது வேடிக்கைதான்.

இதில் இடறும் இடங்கள் உண்டு. அப்போது ஊருக்கு ஊர் உள்ளூர் சூரிய நேரம்; இன்றைய கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஏற்றம் தப்பிவிடும். இன்னொன்று, கணக்கு காட்டுவது காட்சி நடந்த காலையை மட்டுமே. கடைசித் தூரிகை என்றைக்குப் பட்டது என்பதை அது சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

வெளியே எடுத்துப்போய் வரைய வசதியான டியூப் பெயின்ட் வந்ததால்தான் இந்தப் பாணி பிறந்தது என்பார்கள். அரை உண்மை. தகர டியூபுக்கு ஜான் ராண்ட் காப்புரிமை எடுத்தது 1841. மோனேயும் அவருடைய சக ஓவியர் ரெனுவாரும் செய்ன் நதிக்கரையில், லா க்ரனுயேர் என்ற குளிக்கும் இடத்தில் ஒரே காட்சியை வரைந்தது 1869. நடுவில் 28 வருடம்! பெட்டியில் டியூப் இருந்தால் மட்டும் போதவில்லை. அங்கே வரைந்த படங்களில் தண்ணீரைப் பாருங்கள்: தட்டைத் தூரிகையின் அகலத்துக்கே பட்டை பட்டையாக இழுத்துவிட்டு, குழைக்காமல் விட்டிருக்கிறார் மோனே. அந்த செப்டம்பரில் நண்பர் பசீலுக்கு எழுதிய கடிதத்தில் பெரிய படமொன்று தன் கனவு என்கிறார். அதற்காகச் செய்து வைத்தவை வெறும் மோசமான வரைவுகளாம். இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் மாட்டியிருக்கும் லா க்ரனுயேர் படங்கள் அந்த வரைவுகளைச் சேர்ந்தவை என்றே பலரும் கருதுகிறார்கள்.