விண்வெளியில ரோபோ கை ஓட்டுற வேலை
ஸ்பேஸ்ல வேலைன்னா எல்லாரும் அஸ்ட்ரோநாட் ஆகுறத பத்தியே பேசுறாங்க, ஆனா ரோபோட்டிக்ஸ் படிக்கிற பசங்ககிட்ட நான் முதல்ல சொல்றது கனடார்ம்2 பத்தி தான். 2001 ஏப்ரல்ல சர்வதேச விண்வெளி நிலையத்துல மாட்டுன, கனடா செஞ்ச ரோபோ கை அது, 17 மீட்டருக்கு மேல நீளம், 7 மூட்டு, ரெண்டு முனையும் ஒரே மாதிரிங்கிறதால ஒன்ன விட்டுட்டு இன்னொன்னால பிடிச்சு நிலையத்து மேலயே நடந்து போகும்.

அந்த முனையில விரலே கிடையாது. உள்ள மூணு கேபிள், நிலையத்துக்கு வர்ற சரக்கு கலத்துல நீட்டிட்டு இருக்கிற கம்பி உள்ள வந்ததும் மூணும் சுத்தி இறுக்கி அப்படியே இழுத்துக்கும், என்ன ஒரு அழகான டிசைன்!

இத பெரும்பாலும் ஓட்டுறது தரையில இருந்து தான், ஹூஸ்டன்லயும் கனடாவோட கியூபெக் மாகாணத்துல இருக்கிற செயிண்ட் ஹூபர்ட்லயும் உக்காந்திருக்கிற கன்ட்ரோலர்ஸ். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதுல இருந்து வேணா வரலாம், ஆனா கன்ட்ரோல் தியரியும் (ஒரு மெஷின நாம நினைச்சபடி நடக்க வைக்கிற கணக்கு) கைனமேட்டிக்ஸும் (மூட்டு அசைஞ்சா கை எங்க போகும்ங்கிற கணக்கு) மேலோட்டமா படிச்சா பத்தாது. பொறுமையும் வேணும், ஏன்னா ஸ்பேஸ்வாக் அப்போ சில நேரம் அந்த கையோட முனையில நிக்கிறது ஒரு மனுஷன். நம்ம இஸ்ரோவும் மனுஷங்கள விண்வெளிக்கு அனுப்புற ககன்யான் திட்டத்துக்காக வியோமித்ரானு ஒரு ரோபோ பண்ணிருக்காங்க, அதனால இந்த வேலைக்கு இங்கயே இப்பவே தயாராகலாம்.